சடையன் விட்ட கோல்கள்

குழாயில் தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. வாளிகள் வரிசையில் இருந்தன. ஒவ்வொரு வாளிக்குப் பின்னாலும் ஒரு பெண். பாதிப் பேர் கோணிச் சாக்கைத் தைத்துக் கட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, அரை நாள் வேலை முடிந்த வெயில். அவித்த மரவள்ளிக்கிழங்கின் வாசனை லயத்து வரிசை வீடுகளிலிருந்து வந்தது. அந்த நாளில் எங்களுக்கு வேறு வாசனை எதுவும் கிடையாது.

"என்னா மாணிக்கம், இன்னிக்கு யாரு கூட ஆட்டம்?" என்று காத்தாயி அக்கா கேட்டார்.

"மந்தின் ஊர்க்காரனுங்க கூடத்தான்."

"மறுபடியுமா? போன வாரம்தான் ரெண்டு கோல் வாங்கிக் கட்டிக்கிட்டானுங்க."

"நான் என்னக்கா பண்றது? ஒரே ரயில்ல போனது அவனுங்கதானே."

நான் குழாய்த் திட்டில் ஏறி நின்று ஆட்டத்தைத் தொடங்கினேன். பந்து இல்லை, திடல் இல்லை. ஆடுகிறவர்கள் சயாமில் இருந்தார்கள், ஜப்பான்காரனுக்கு ரயில் சடக்கு போட்டுக்கொண்டு. நாங்கள் மலாயாவில், ரந்தாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். அவர்கள் அங்கே ஆடினால் ஆட்டம் எப்படிப் போகும் என்று நான் கணித்துச் சொல்வேன். பெண்கள் கேட்பார்கள். அவ்வளவுதான்.

மூன்றாவது வாளி நிரம்பும்போது எங்கள் கோல் காவலன் சடையன், வழக்கம் போல, பந்தைக் கால் இடுக்கில் விட்டான்.

"அட ஓட்டைக் கை! குனியறதுக்கு உனக்கு வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா?" என்று நான் சயாமைப் பார்த்துக் கத்தினேன்.

உடனே வரிசையிலிருந்து சடையனின் மனைவி பச்சையம்மா எழுந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. "என் வீட்டுக்காரர ஏன் திட்டறீங்க? முன்னால நின்ன ரெண்டு பேரும் எங்க போனாங்க? மொதல்ல அவங்கள கேளுங்க!"

குழாயடியே சிரித்தது. அந்த வாரம் முழுவதும் எங்கள் லயத்தில் கேட்ட சிரிப்பு அது ஒன்றுதான்.

ஒரு வாசகரின் கோபம்

இந்தத் தொடரைப் படிக்கும் ஓர் ஆசிரியர் கோலா கிளாவாங்கிலிருந்து கடிதம் போட்டிருக்கிறார். கடிதம் முழுக்கக் கோபம். "ஐயா, காற்பந்தைப் பற்றி எழுதும் போதெல்லாம் ஆட்டக்காரர்களைத் திட்டுகிறீர்கள். ஒருவரைக்கூட நல்லவர் என்று சொல்ல உங்களுக்கு வாய் வராதா?"

என் பேரனும் இதையேதான் கேட்கிறான். தொலைக்காட்சியில் ஆட்டம் என்றால் அவன் என்னோடு உட்காருவதில்லை. நான் வாயை மூடமாட்டேனாம்.

எப்படி மூடுவது? இன்றைய கோல் காவலர்களுக்கு இரண்டு கையிலும் உறை. ஒரு பந்தைப் பிடித்துவிட்டால் ஊரையே காப்பாற்றியது போல மார்தட்டுகிறார்கள். முன்னணியில் ஆடுகிறவன் மேல் காற்றுப் பட்டால் போதும், விழுந்து புரண்டு அழுகிறான். வரும் சனிக்கிழமை நம் மாநிலக் குழு தோற்கும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் ஆளே இல்லாமல் ஆடுகிறார்கள்.

திட்டுகிறேன்தான். ஆனால் ஆசிரியர் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது. இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத் தகுதி உள்ள ஒரே ஆள் பச்சையம்மா. அவளும் போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி நான்தான் சொல்ல வேண்டும்.

ஆட்டம் பார்த்துக் கால் உடைந்தவன்

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் ஒரு நாளும் பந்து ஆடியவன் அல்ல. ரசிகன். பந்து ஆடிக் கால் உடைந்தவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. பந்தாட்டம் பார்த்துக் கால் உடைந்தவன் நான் ஒருவன்தான்.

ஜப்பான் சண்டைக்கு முந்திய காலம் அது. பந்தோடு சேர்ந்து திடலின் ஓரமாகவே கத்திக்கொண்டு ஓடுவேன். கண் பந்தின் மேல். எதிரே கித்தா மரங்களுக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கான். தலைகுப்புற விழுந்தேன். முட்டி பெயர்ந்தது. கானுக்குள் கிடந்தபடியே, "என்னடா, கோலா?" என்று கேட்டேனாம். கோல்தான். எங்களுக்கு விழுந்த கோல்.

அன்றிலிருந்து இடது காலை இழுத்துத்தான் நடப்பேன். பால் மரம் வெட்ட முடியாது என்று ஸ்டோரில் பால் நிறுக்கும் வேலைக்குப் போட்டார்கள். அதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று. தோளில் காண்டாக் கம்பு வைத்துப் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவனும் என் முன்னால் வந்து நின்றுதான் ஆக வேண்டும். நான் முகத்தைப் பார்க்கமாட்டேன், காலைப் பார்ப்பேன். யாருக்கு விரலிடுக்கில் புண், யார் காய்ச்சலில் நடுங்குகிறான், யாருக்குக் கெண்டைக்கால் பிடித்திருக்கிறது, எல்லாம் எனக்குத் தெரியும். அதை வைத்து ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் எப்படிப் போகும் என்று சனிக்கிழமையே சொல்லிவிடுவேன்.

ஸ்டோர்ச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் பதினோரு பெயர்களையும் எழுதுவேன். பக்கத்தில் என் கருத்தையும் எழுதுவேன். 'இரும்புக் கால்.' 'காளை.' 'மூச்சு வாங்காதவன்.' எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட வந்து, "எனக்கு என்னாண்ணே போட்டிருக்க?" என்று கேட்டுவிட்டுச் சந்தோஷமாகப் போவார்கள்.

சொன்னது பாதிக்குப் பாதி பலித்தது. பலிக்காததை நான் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

இரண்டு கம்பங்களுக்கு நடுவே

சடையன் புகைக்கூண்டில் வேலை செய்தான். பால் தகடுகளை உள்ளே தொங்கவிட்டு விறகு போட்டுப் புகை கொடுக்கும் வேலை. அவன் பக்கத்தில் நின்றால் புகை நாறும். கண் எப்போதும் சிவந்து நீர் கோத்திருக்கும். நல்லவன். சிரித்த முகம். கோல் காவலனாக மட்டும் லாயக்கே இல்லாதவன்.

துரை கொடுத்த தோல் பந்து கிழிந்த பிறகு, மரத்தில் வெட்டிய கோட்டில் காய்ந்து கிடக்கும் பாலை நாராக உரித்து, சுற்றிச் சுற்றி நாங்களே பந்து செய்துகொண்டோம். அந்தப் பந்து கல்லாட்டம் இருக்கும். தரையில் பட்டால் எந்தப் பக்கம் எகிறும் என்று அதற்கே தெரியாது. சடையனுக்கு எப்படித் தெரியும்? பந்து போன பிறகுதான் குனிவான்.

பச்சையம்மா கலியாணமாகி வந்த புதிது. திடல் ஓரத்தில் நின்று பார்ப்பாள். நான் அவனைத் திட்டத் தொடங்கியதும் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு என் முன்னால் வந்துவிடுவாள்.

"புகையில நின்னு நின்னு அவருக்குக் கண்ணு மங்கல். பந்து கிட்ட வந்தாத்தான் தெரியும்."

"அப்போ எதுக்கு கோல்ல நிக்கிறான்? வீட்டுல உக்காரச் சொல்லு."

"வேற யாரு நிக்கிறா? அந்தக் கல்லு மூஞ்சில படும்னு அத்தனை பேரும் ஓடுறாங்க. இவருதானே நிக்கிறாரு!"

உண்மைதான். அதை அன்றைக்கு ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் சண்டை போடுவதைச் சடையன் கோல் கம்பத்தில் சாய்ந்துகொண்டு பார்ப்பான். சிரிப்பான். அந்த நேரத்தில் இன்னொரு கோல் போகும்.

சுவரில் இருந்த பெயர்கள்

துரை ஓடிப்போய், ஜப்பான்காரன் வந்து, அரிசி போய், மரவள்ளி வந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆடினோம். நான் சுவரில் எழுதுவதையும் நிறுத்தவில்லை.

ஒரு வாரம் மந்தினோடு ஆடிய ஆட்டத்தில் சடையன் நான்கு கோல் விட்டான். நான்கையும் போட்டவன் மந்தின் கோவிந்தன். அவன் காலில் பந்து பசை வைத்தது போல ஒட்டும். எனக்கு வந்த கோபத்தில் அடுத்த வாரப் பட்டியலில் சடையன் பெயரை எழுதவே இல்லை. பத்துப் பெயர்கள். பதினோராவது இடத்தில் 'யாராவது நில்லுங்கள்' என்று எழுதினேன்.

அந்த வாரம்தான் ஜப்பான்காரர்கள் தாட்டியான ஆட்கள் வேண்டும் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டு வந்தார்கள். கிராணி யோசித்து மூளையைக் குழப்பிக்கொள்ளவில்லை. சுவரைப் பார்த்தார். அங்கே எழுதித்தானே இருக்கிறது, யார் இரும்பு, யார் காளை என்று.

விடியற்காலையில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். கிராணி பெயர்களை வாசித்தார். நான் எழுதிய அதே வரிசையில் வாசித்தார். பின் வரிசைக்காரர்கள் முதலில், நடு வரிசை அடுத்து, முன்னணி கடைசியில்.

எங்கள் ஆட்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? ஆட்டம் என்று நினைத்தார்கள். ஜப்பான்காரர்களோடு எங்கோ ஒரு பெரிய ஆட்டம், அதற்குத்தான் லாரி வந்திருக்கிறது என்று. வேறு எந்தத் தோட்டத்திலாவது சயாமுக்குப் போகிறவர்கள் அரைக்கால் சட்டையை எடுத்துக்கொள்ள லயத்துக்கு ஓடியிருப்பார்களா? எங்கள் தோட்டத்தில் ஓடினார்கள். காத்தாயி அக்காவின் இரண்டு பிள்ளைகளும் பந்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

பத்துப் பெயர் முடிந்தது. கூட்டத்திலிருந்து சடையன் கையைத் தூக்கினான்.

"ஐயா, கோல் கீப்பர் நான்தான். பேரு விட்டுப் போச்சு."

சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். 'நீ எழுதாவிட்டால் என்ன, நான் போகிறேன் பார்' என்பது போல ஒரு பார்வை. ஏறிப் போனான். அப்போது பச்சையம்மாவுக்கு ஐந்து மாதம்.

என்னையும் ஒரு ஜப்பான்காரன் பிடித்து இழுத்தான். காலைப் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டான். லாரி செரம்பான் ரயிலடிக்குப் போனது என்பதும், அங்கிருந்து சயாம் என்பதும் மறுநாள்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அன்றைக்கே ஈரத் துணியை எடுத்துச் சுவரைத் துடைத்தேன். சுண்ணாம்பு போய்விட்டது. எழுதிய இடம் போகவில்லை.

கடைசி வாளி நிரம்பும் வரை

குழாயடிக் கணிப்பை நான் திட்டம் போட்டுத் தொடங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காத்தாயி அக்கா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"ஏண்டா மாணிக்கம், அங்க ஞாயித்துக்கெழம லீவு குடுப்பானுங்களா?"

எனக்கு என்ன தெரியும்? "லீவு குடுத்தா நம்மாளுங்க ஆடாம இருப்பானுங்களா அக்கா? பந்து வேற கையில இருக்கு" என்றேன்.

அழுகை நின்றது. "யாரு கூட ஆடுவானுங்க?"

"மந்தின் கூட. கோவிந்தனும் அதே ரயில்லதான் போனானாம்."

"யாரு ஜெயிப்பா?"

ஒரு ரசிகனைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்டால் அவன் சும்மா இருப்பானா? சயாமில் மழை அதிகம், திடல் சேறாக இருக்கும், சேற்றில் நம் இடது பக்கத்து ஆள் வழுக்குவான் என்று ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அடுத்த வாரம் லயமே வந்தது.

ஆட்டம் இத்தனை நிமிடம் என்று கணக்கில்லை. கடைசி வாளி நிரம்பினால் ஊதல். யாராவது புருஷனின் பெயரை அதிக நேரம் கேட்க விரும்பினால் பெரிய வாளியாகக் கொண்டுவருவாள்.

ஒரு விஷயத்தில் நான் நேர்மையாக இருந்தேன். சும்மா சும்மா எங்கள் ஆட்களை ஜெயிக்க வைக்கவில்லை. மந்தினில் கோவிந்தன் இருந்தான். எங்களிடம் சடையன் இருந்தான். வேறெப்படி முடியும்? தோற்றால் திட்டினேன். வழுக்கி விழுந்தவனைத் திட்டினேன். பந்தைத் தராமல் தானே ஓடியவனைத் திட்டினேன். திட்டத் திட்டப் பெண்களின் முகம் தெளிந்தது. திட்டு வாங்குகிறவன் உயிரோடு இருக்கிறான் அல்லவா?

பச்சையம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்த வாரம், அந்தச் செய்தியை நான் சடையனுக்கு ஆட்டத்தின் நடுவில் தெரிவித்தேன். அன்றைக்கு அவன் சந்தோஷத்தில் மூன்று கோல் விட்டான். பத்தியம் இருந்தவள் வீட்டுக்குள்ளேயிருந்து கத்தினாள். "பச்சப்புள்ள பொறந்த வீட்டுல திட்டாதீங்க!"

மந்தின் நானா

மந்தினில் ஒரு தமிழ் முஸ்லிம், எங்களுக்கு நானா, சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். நாகூர்ப் பக்கம். சாப்பாடு ஒன்றும் இல்லாமல் போன பிறகும் வறுத்த சோளத்தில் காப்பி போட்டுக்கொண்டு கடையைத் திறந்தே வைத்திருந்தார். மந்தின் குழுவுக்கு அவர்தான் முதல் ரசிகர். தோட்டத்து லாரியில் கிழங்கு ஏற்ற அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவரோடு எனக்கு ஒரு சண்டை நிச்சயம்.

"ஓய், சயாம்ல உங்க ஆளுங்க ஜெயிச்சதா சொல்றீராமே? கேள்விப்பட்டேன். நம்ம கோவிந்தன வச்சுக்கிட்டு நாங்க தோக்குறதாவதுலா!" என்பார்.

ஒரு நாள் போனபோது அவர் சண்டைக்கு வரவில்லை. என் தோளைத் தொட்டார். "உள்ள வாங்க தம்பி" என்றார்.

விறகு அடுக்கியிருந்த பின்கட்டில் ஒருவன் படுத்திருந்தான். கிழவன் என்று நினைத்தேன். கோவிந்தன். எப்படியோ தப்பி, ரயிலிலும் காட்டிலுமாக வந்து சேர்ந்திருந்தான். பந்து ஒட்டுமே, அந்தக் கால், விறகைவிட மெல்லியதாக இருந்தது. நான் பழக்க தோஷத்தில் காலைத்தான் முதலில் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

"உங்க கோல் கீப்பரு போயிட்டாருண்ணே" என்றான். "பேதி கண்டுச்சு. ரெண்டே நாள். நான்தான் தூக்கிட்டுப் போய்ப் பொதச்சேன்."

என்ன கேட்பது என்று தெரியாமல் நான் ஒரு முட்டாள் கேள்வி கேட்டேன். "அங்க ஆட்டம் ஏதும் ஆடினீங்களா?"

அவன் என்னையே பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவனே சொன்னான்.

"ஒரு தடவ. சமையல் கொட்டகைக்கு பூசணிக்கா தூக்கிட்டுப் போனோம். 'சடையா, புடி'ன்னு ஒரு காய வீசினேன். கால் இடுக்குல விட்டுட்டாரு. அது உருண்டு ஆத்துல விழுந்துருச்சு. ரெண்டு பேருக்கும் நல்ல அடி. அடி வாங்கிக்கிட்டே அவரு சிரிக்கிறாரு. 'நல்ல வேள மாணிக்கம் இங்க இல்ல, இருந்தா திட்டியே கொன்னுருப்பான்'னாரு."

கோவிந்தன் அங்கே இருப்பது வெளியே தெரிந்தால் அவன் கதி என்ன, நானா கதி என்ன? ஆகவே வாயைத் திறக்கக் கூடாது. திரும்பி வரும்போது லாரியில் இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பொய். சொல்லத் தைரியம் இல்லை, அதுதான் நிஜம்.

மூன்று ஞாயிறுகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் கோவிந்தன் அடித்த பெனால்டியைச் சடையன் பாய்ந்து பிடித்தான். பெண்கள் கைதட்டினார்கள். "அட, நம்ம சடையனா!" என்றார் காத்தாயி அக்கா. பச்சையம்மா சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு அவன் ஒரு கோலும் விடவில்லை. "இவனைப் போல கோல் காவலன் எந்தத் தோட்டத்திலும் கிடையாது" என்றேன். என்னையறியாமல் வந்துவிட்டது. பச்சையம்மா சிரிக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறும் அப்படியே. அன்றைக்கு அவள் தன் வாளியை வரிசையின் கடைசியில் வைத்திருந்தாள். முன்னால் இருந்தவர்கள் நிரப்பிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். அவளும் குழந்தையும் நானும் குழாயும்தான் மிச்சம்.

"அண்ணே, மூணு வாரமா அவரு ஒரு கோல் கூட விடல."

"ஆமா தங்கச்சி. இப்போல்லாம் நல்லாப் புடிக்கிறான்."

"அவரு என்னிக்குண்ணே நல்லாப் புடிச்சாரு?"

நான் வாளியைப் பார்த்தேன்.

"ஒரே ஒரு தடவ திட்டுங்க. எப்பவும் திட்டுவீங்களே, அது மாதிரி. ஓட்டைக் கைன்னு சொல்லுங்க. நான் பாட்டுக்கு வாளிய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிடறேன்."

வாயைத் திறந்தேன். 'ஓ' என்று வந்தது. அதற்கு மேல் வரவில்லை. வாளி நிரம்பி வழிந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள்தான் எட்டிக் குழாயை மூடினாள்.

அவள் கதறவில்லை. திட்டில் உட்கார்ந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். எப்போது, எதனால், யார் தூக்கியது. பூசணிக்காயையும் சொன்னேன். அவன் சொன்னதையும் சொன்னேன்.

"குனிஞ்சிருக்க மாட்டாரு" என்றாள். சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகை வந்தது. அம்மா அழுவதைப் பார்த்துக் குழந்தையும் அழுதது. நானும் அழுதேன். சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

"நான் சுவத்துல எழுதாம இருந்திருந்தா..." என்று தொடங்கினேன்.

"நீங்க அவரு பேர எழுதவே இல்லியே. அவராத்தான் கையத் தூக்கினாரு. பந்தாடப் போறோம்னு எவ்வளவு சந்தோஷமா ஏறினாரு, பாத்தீங்கல்ல?"

பிறகு தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். என்னை நேராகப் பார்த்தாள்.

"காத்தாயி அக்காகிட்ட மூச்சு விடாதீங்க. ரெண்டு புள்ளைங்க அங்க இருக்கு. மூணு வாரமா நீங்க புகழ்றத அவங்களும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. இவரு போனது தெரிஞ்சா, நாளைக்கி அவங்க புள்ளைய நீங்க நல்லா ஆடினான்னு சொன்னா அவங்க தூங்குவாங்களா? அடுத்த வாரம் அவர கோல்ல நிறுத்துங்க. நிறுத்தித் திட்டுங்க. இனிமே யாரையும் புகழாதீங்கண்ணே."

ஆசிரியர் ஐயா, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான்.

நான் கணிக்காத ஒரு கோல்

சண்டை முடிந்து எங்கள் ஆட்களில் நான்கு பேர் திரும்பி வந்தார்கள். காத்தாயி அக்காவின் இளையவன் அதில் ஒருவன். பச்சையம்மா அன்றைக்குத்தான் பொட்டை அழித்தாள். அதுவரை ஒவ்வொரு நாளும் வைத்துக்கொண்டு வந்தாள். எதற்கு என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆனால் நான் சொல்ல வந்தது, பச்சையம்மா திட்டச் சொன்னதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

அன்றைக்கு அவள் வாளி வரிசையில் முதலாவதாக இருந்தது. நெற்றியில் பொட்டு. கண் வீங்கியிருந்தது. காய்ச்சல் என்று சொல்லியிருந்தாள். தோட்டத்தில் யாருக்குத்தான் காய்ச்சல் இல்லை, யாரும் கேட்கவில்லை.

நான் திட்டில் ஏறினேன். ஆட்டத்தை நீட்டிக்கொண்டே போனேன். நடு வரிசையிலேயே பந்தை உருட்டினேன். மூன்றாவது வாளி நிரம்பியது. நான்காவது நிரம்பியது. பச்சையம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரி என்று பந்தைக் கோவிந்தனிடம் கொடுத்தேன். அவன் இரண்டு பேரைத் தாண்டி வந்தான். அடித்தான். பெரிய அடி ஒன்றும் இல்லை, உருண்டு வந்த பந்து. சடையன் நின்ற இடத்திலேயே நின்றான். பந்து கால் இடுக்கில் போயிற்று. நான் சொன்ன அத்தனை ஆட்டங்களிலும் அந்த ஒரு கோல் மட்டும் உண்மையில் விழுந்தது, பூசணிக்காயாக.

"அட ஓட்டைக் கை!" என்று கத்தினேன். "குனிடா! குனியறதுக்கு என்னடா உனக்கு? எத்தன வருஷமாடா சொல்றேன்..."

குரல் உடைந்துவிட்டது. பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். காத்தாயி அக்காவின் கை வாளிப் பிடியிலேயே நின்றது.

முதல் வாளிக்குப் பின்னாலிருந்து பச்சையம்மா எழுந்தாள். குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"என் வீட்டுக்காரர ஏன் திட்டறீங்க?" என்றாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "முன்னால நின்ன ரெண்டு பேரும் எங்க போனாங்க? மொதல்ல அவங்கள கேளுங்க!"

காத்தாயி அக்காதான் முதலில் சிரித்தார். "அதானே! என் புள்ளைங்கதான் முன்னால நின்னது, நல்லாத் திட்டுடா!" என்றார்.

நான் அவர்களையும் திட்டினேன். கடைசி வாளி நிரம்பும் வரை ஒருவனையும் விடாமல் திட்டினேன்.